ஆற்றுக்குப் போட்ட ரெட்டைக் கடிவாளம்

ஆடிமாசக் குதிரைச் சந்தைக்கு எல்லாரும் குதிரை வாங்க வருவார்கள். பொங்கியண்ணன் மட்டும் பேச வருவார். அதுவும் நான் வாரும் கடிவாளமும் விற்கிற கொட்டகைக்குத்தான் வருவார். அவரிடம் குதிரை கிடையாது.

அன்றைக்குக் காலையில் பெருந்துறைக் கலாமணி ஒரு கருப்புக் குதிரையைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். சவாரியில் ஏழெட்டு வருஷப் பழக்கம் உள்ளவள். முந்தின நாள் வாங்கிய குதிரை, வாயில் கடிவாளம் பட்டாலே தலையை உதறுகிறது. நெற்றியில் சந்தனம் வைக்கிறவரைக்கும் குதிரையைத் திருப்பிக் கொடுக்கலாம், வைத்துவிட்டால் ஆயுசுக்கும் நம்முடையது என்பது எங்கள் சந்தை வழக்கம். விற்றவர் பதினோரு மணிக்குச் சந்தனக் கிண்ணத்தோடு வருகிறார்.

"திருப்பிக் குடுக்க மனசே வல்லீங்க," என்றாள். கண் கலங்கியிருந்தது.

பொங்கியண்ணன் குதிரையின் கழுத்தில் சாய்ந்துகொண்டார். "ரெட்டைக் கடிவாளம் போடு அம்மிணி. வாய்க்குள்ள மெல்லிசுக் கம்பி ஒண்ணு, தாடைச் சங்கிலி வெச்ச கம்பி ஒண்ணு, கையில நாலு வாரு. மெல்லிசு கெஞ்சும், சங்கிலி மிரட்டும். நான் ஒரு வெள்ளைக் குதிரைக்குப் போட்டேன் பாரு, சுண்டு வெரலை அசைச்சாத் திரும்பும். அப்புறம் வெரலும் வேண்டாம், நெனச்சாப் போதும்னு ஆயிப்போச்சு. டீ குடிக்கணும்னு நெனச்சேன், கடை வாசல்ல நின்னுச்சு. மாமியார் வூட்டை நெனச்சேன், சத்தியமங்கலம் வரைக்கும் பின்பக்கமாவே நடந்துச்சு."

"ரோட்டுல பஸ்ஸு வராதுங்களா?" என்றேன்.

"வந்துச்சு. பஸ்ஸும் பின்பக்கமாவே போச்சு."

கலாமணி குதிரையின் உதட்டை விலக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் வாங்காதது அவருக்குப் பொறுக்கவில்லை.

"அட, பவானியில வெள்ளம் வந்தப்ப அதே மாதிரி ஆத்துக்கே போட்டேனாக்கும்!"

"ஆத்துக்கு வாய் ஏதுங்கண்ணா?"

"அதைக் கண்டுபுடிக்கத்தான் மூணு நாளாச்சு. அளவெடுத்தேன், நானூத்தியெட்டு மொழம். தண்டவாளத்தை வளைச்சுக் கம்பி செஞ்சேன். மேல்வாரைத் தொட்டதும் ஆறு தலையைத் தூக்குச்சு. கீழ்வாரை இழுத்தேன், கப்புனு நின்னுபோச்சு. பின்னால வந்த மீனெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு மோதிக்கிச்சு. அப்படியே மேட்டுக்காட்டுக்கு ஓட்டிட்டுப் போயி மஞ்சளுக்குத் தண்ணி பாச்சிட்டு, சாயங்காலம் கொண்டாந்து பாலத்துத் தூண்ல கட்டிட்டேன்."

"கடைவாய் ரெண்டும் புண்ணுங்க," என்றாள் கலாமணி என்னிடம். "பழைய கம்பி அகலம் பத்தாம உதட்டைக் கிள்ளியிருக்குது. அரை அங்குலம் கூடுதலா, தடியா, வழவழன்னு ஒத்தைக் கம்பி இருந்தாக் குடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். புண்ணில் தேங்காய் எண்ணெய் தடவி, கம்பியை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். குதிரை வாங்கிக்கொண்டு இரண்டு தடவை மென்றது. ஏறி, புளியமரத்தை மூன்று சுற்று வந்தாள். ஒருதரம்கூடத் தலையை உதறவில்லை. கிண்ணம் வந்ததும் சேணத்தில் இருந்தபடியே குனிந்து, அவளே அதன் நெற்றியில் சந்தனத்தை அப்பினாள். எனக்கு மனசு நிறைந்துபோயிற்று.

"ஒத்தையே போதுமாட்ட இருக்குதுங்களே அண்ணா?" என்று பொங்கியண்ணனைச் சீண்டினேன்.

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "இத்தனை நேரம் நான் உங்ககிட்டயா பேசிட்டிருந்தேன்? குதிரை காதுல போட்டு வெச்சேன். ஆத்தையே அடக்கின கடிவாளம் வருதுன்னு கேட்டதும் ஒத்தைக்கே அடங்கிப்போச்சு."

கலாமணி குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். "நல்லதுங்கண்ணா. நீங்க சொல்றதை நம்பறதுக்கு ஒரு சீவனாவது கெடைச்சுதே."