பால் வாங்கப் போன வழி

"எம்பொண்ணு இப்பல்லாம் எங்கிட்ட பாடம் படிக்க மாட்டேங்குறாம்மா."

மலையேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் பரிமளா இதைச் சொல்லிவிட்டாள்.

சுனையம்மா கீரைப்பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"முதல்ல உக்காருங்கக்கா."

அம்மா என்று கூப்பிடப்பட்டவருக்கு வயது முப்பத்திரண்டு. அக்கா என்று கூப்பிடப்பட்டவளுக்கு நாற்பது. சுனைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன மடத்தில் சுனையம்மா தனியாக இருந்தார். அடிவாரத்து ஊரிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் நாலைந்து பேர் ஏறிவந்து அவர் சொல்வதைக் கேட்டுப் போவார்கள். ஆறு வருடமாக ஒரு வெள்ளி தவறாமல் வருகிறவள் பரிமளா மட்டும்தான்.

இன்று செவ்வாய்க்கிழமை. அதிலேயே சுனையம்மாவுக்கு விஷயம் பெரிதென்று புரிந்தது.

பரிமளா எல்லாவற்றையும் சொன்னாள். மகள் அல்லிக்குச் சின்ன வயதில் மூச்சிரைப்பு. மாதத்தில் பத்து நாள் பள்ளிக்கூடம் போக முடியாது. போன நாளிலும் பாதியில் தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டியிருந்தது. ஆறு வயதில் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டிலேயே வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தட்டில் ரவையைப் பரப்பி எழுத்து. மாடிப்படியில் ஏறி இறங்கி வாய்ப்பாடு. தோசை மாவு அரைக்கும்போது கதை. அல்லி கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டாள். கணவர் தணிகைவேல் பேருந்து ஓட்டுகிறவர். வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் மகள் ஒப்பிப்பதைக் கேட்டு ஊர் முழுக்கப் பெருமை பேசுவார். மூச்சிரைப்பும் மெல்ல மெல்லக் குறைந்து, இப்போது எப்போதாவது எட்டிப் பார்ப்பதோடு சரி.

எட்டு மாதமாகத்தான் இப்படி. பாயில் வந்து உட்காருகிறாள். நோட்டைத் திறக்கிறாள். ஒரு வரி எழுதுவதில்லை.

போன புதன்கிழமை, "நீ தம்பிக்குச் சொல்லிக்கொடும்மா, நான் சும்மா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் பரிமளா. அவ்வளவு மெதுவாகச் சொன்னாளாம்.

"நான் எதையும் குறைக்கலம்மா. அதே பாய், அதே நேரம், அதே பாட்டு."

"பாட்டா?"

"பாடம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாடுவோம். அவளுக்காக நானே கட்டினது."

சுனையம்மா பாடச் சொன்னார். பரிமளா வெட்கப்பட்டுக்கொண்டே பாடினாள்.

"குட்டி முயலு வந்துச்சாம், கூடை நிறைய எழுத்தாம். எட்டிப் பாத்த அல்லிக்கு ஏழு எழுத்து பரிசாம்."

சுனையம்மா தலையாட்டிக் கேட்டார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அல்லிக்கு இப்ப என்ன வயசுக்கா?"

"பதிமூணு."

சுனையம்மா குனிந்து வாய்க்காலில் கையை நனைத்துக்கொண்டார்.

"சிரிக்காதீங்கம்மா."

"சிரிக்கல. நல்ல பாட்டு. சின்னவன் பாடுவானா?"

"செழியனா? அவன் தினமும் ரெண்டு தடவை பாடச் சொல்லுவான்."

"அவனுக்கு ஆறு."

"ஆமா."

இனிமேல்தான் அம்மா ஏதாவது சொல்வார் என்று பரிமளா காத்திருந்தாள். அவர் எழுந்துபோய் அடுத்த பாத்திக்கு மடை மாற்றினார்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டு வாங்க. அஞ்சு நாள் இங்க இருங்க."

*

பரிமளா பிள்ளைகளோடு வந்தபோது பாடப்புத்தகம் நாலு, நோட்டு ஆறு, கலர் பென்சில், அட்டையில் ஒட்டிய அட்டவணை எல்லாம் ஒரு பையில் கொண்டுவந்தாள். சுனையம்மா அதை வாங்கிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். இங்கே எலித்தொல்லை அதிகம் என்றார்.

மடத்துக்குப் பால் மேல்பாறையிலிருந்து வர வேண்டும். ஐந்தே வீடுகள் உள்ள ஊர். காட்டுப்பாதையில் முக்கால் மணி நேர ஏற்றம்.

முதல் நாள் எல்லோருமாகப் போனார்கள். சுனையம்மா முன்னால் போனார். அவர் பின்னால் அல்லி. செழியன் கால் வலிக்கிறது என்று பாதி வழியில் அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டான்.

சுனையம்மா வழிநெடுகப் பேசவேயில்லை. அந்த மௌனம் பரிமளாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு மரத்தைக் காட்டி, அது என்ன மரம் சொல்லு பார்ப்போம் என்று மகளைக் கேட்டாள்.

"தெரியலம்மா."

கடுக்காய் மரம். ஒன்பது வயதிலேயே படம் வரைந்து பெயர் எழுதியவள் அவள்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் சுனையம்மா இடது பக்கம் திரும்பினார். அல்லியும் திரும்பினாள். பால் வாங்கிக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தார்கள்.

சாயங்காலம் பரிமளா அவரைத் தனியாகப் பிடித்து, இன்றைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

"பால் வாங்கினோம்."

இரண்டாம் நாள் செழியன் வர மாட்டேன் என்றுவிட்டதால் பரிமளா அவனோடு மடத்திலேயே தங்கிவிட்டாள். வேலிப் படலுக்கு வெளியே நின்று பார்த்தால் பாதையின் முதல் வளைவுவரை தெரியும். அன்று சுனையம்மாவும் அல்லியும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். அல்லி ஏதோ பேசிக்கொண்டு போனாள். இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசினாள்.

வீட்டில் அவள் அப்படிப் பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று பரிமளா எண்ணிப் பார்த்தாள். திரும்பி வந்ததும், என்ன பேசினாள் என்று சுனையம்மாவிடம் விசாரித்தாள்.

"அதை அவகிட்டதான் கேக்கணும்."

கேட்டாள். "சும்மாதாம்மா" என்றாள் அல்லி.

மூன்றாம் நாள் அல்லி தூக்குவாளியோடு முன்னால் போனாள். சுனையம்மா பத்தடி தள்ளிப் பின்னால் போனார். பரிமளா படலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். செழியன் அவள் புடவையை இழுத்து முயல் பாட்டுப் பாடச் சொன்னான். பாடினாள். அவன் அவள் இடுப்பில் ஏறிக்கொண்டு கூடவே பாடினான்.

நாலாம் நாள் காலையில் சுனையம்மா தூக்குவாளியைக் கழுவி அல்லியிடம் கொடுத்துவிட்டுத் தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அல்லி ஒரு கணம் நின்றாள். பிறகு தோள்பையை மாட்டிக்கொண்டு படலைத் திறந்தாள்.

பரிமளா ஓடிவந்தாள்.

"தனியாவா? அம்மா, அவளுக்கு மூச்சு..."

"மருந்து பையில இருக்கா அல்லி?" என்று கேட்டார் சுனையம்மா.

அல்லி இன்ஹேலரை எடுத்துக் காட்டினாள்.

"எப்ப எடுக்கணும்னு யாருக்குத் தெரியும்?"

எனக்கு என்று சொல்ல வாயெடுத்த பரிமளா மகளைப் பார்த்தாள். அல்லி கோபமாக இல்லை. அம்மா சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

"அவளுக்கும் தெரியும்," என்றாள் பரிமளா.

அல்லி போனாள். வளைவில் மறைந்தாள்.

*

போக முக்கால் மணி நேரம். வர அரை மணி. பால் கறக்க நேரமானால் இன்னொரு கால் மணி.

பரிமளா செழியனைக் குளிப்பாட்டினாள். பாத்திரம் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மேலே பனிமூட்டமாக மஞ்சு இறங்க ஆரம்பித்தது. முதலில் மேல்பாறை மறைந்தது. பிறகு அதற்குக் கீழே இருந்த மரங்கள்.

இரண்டு மணி நேரம்.

சுனையம்மா முறத்தை முன்னால் வைத்து மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. பரிமளாவுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பிள்ளை பெற்றிருந்தால் இப்படி உட்கார்ந்திருப்பாரா என்று நினைத்தாள். நினைத்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"போங்கக்கா. பாதை தெரியுமே."

தடுப்பார் என்று பார்த்தாள். தடுக்கவில்லை. பரிமளா விறுவிறுவென்று படல்வரை போனாள். அங்கே போனதும் கால் ஓடவில்லை. பாதி வழியில் தன்னைப் பார்த்துவிட்டால் அல்லியின் முகம் எப்படி ஆகும் என்று தெரிந்தது. காலையில் மருந்தை எடுத்துக் காட்டிய முகம் அது. போய்ப் பார்க்காமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியவில்லை.

அங்கேயே நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

தாழ்வாரத்தில் ஏறும்போதுதான் அதைக் கவனித்தாள். மொச்சைக்கொட்டையெல்லாம் கிண்ணத்தில் நிறைந்து பக்கத்தில் இருந்தது. சுனையம்மாவின் விரல்கள் முறத்தில் கிடந்த வெறும் தோலை எடுத்துப் பிரித்தன, கீழே போட்டன, அடுத்த தோலை எடுத்தன.

"அம்மா. அது உரிச்ச தோலு."

சுனையம்மா தன் கையைப் பார்த்தார்.

"பயமா இருக்குக்கா," என்றார்.

பரிமளா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்ப ஏன் அனுப்பினீங்க?"

"நேத்து அவ பின்னாடி போனேன்ல. பாதை பிரியற எடம் வந்துச்சு. எங்கிட்ட கேப்பான்னு நெனச்சேன். கேக்கல. இடது பக்கம் திரும்பிப் போய்ட்டே இருந்தா."

"சரியான வழிதானே?"

"சரியான வழிதான். எனக்குத்தான் என்னமோ மாதிரி ஆயிருச்சு. கால்ல முள்ளு குத்திருச்சு, கொஞ்சம் நில்லுன்னு கூப்பிட்டேன்." சுனையம்மா குனிந்துகொண்டார். "முள்ளும் குத்தல, ஒண்ணும் குத்தல. இன்னைக்கும் கூடப் போனா மறுபடியும் கூப்பிட்டு நிறுத்திருப்பேன்."

பரிமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு சேர்ந்து அழுகையும் வந்தது. ஆறு வருடமாக இந்த வாசலில் உட்கார்ந்து இவர் சொன்னதையெல்லாம் கேட்டிருக்கிறாள். இவ்வளவு பக்கத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

முறத்திலிருந்து ஒரு தோலை எடுத்தாள் பரிமளா. அவளும் பிரித்துப் போட்டாள்.

*

அல்லி பாதை வழியாக வரவில்லை. அடுக்களைக்குப் பின்னால், யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து இறங்கி வந்தாள். பாவாடை முழுக்க ஒட்டுப்புல். தூக்குவாளியில் பால் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

பரிமளா எழுந்தாள். ஓடவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தச் சொம்பை நீட்டுவதற்குள் அவள் விழுங்கிய கேள்விகள் ஒன்றிரண்டு இல்லை.

குடித்து முடித்து அல்லியே சொன்னாள். திரும்பும்போது மஞ்சு மூடிவிட்டது. கொஞ்சம் இரைத்தது. ஒரு பாறையில் உட்கார்ந்து மருந்தை இரண்டு தடவை இழுத்துவிட்டு, மூச்சு சரியாகும்வரை காத்திருந்தாள். பயந்தாள், ஆனால் ரொம்ப இல்லை. அப்போது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பாட்டி வந்தார். மஞ்சில் அந்தப் பாதை வழுக்கும், இப்படி வா என்று வேறு வழி காட்டினார். அந்த வழியில் ஒரு குகை இருக்கிறது. உள்ளே தண்ணீர் சொட்டுகிறது. கூரையிலிருந்து ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழ எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு நின்றதில்தான் நேரம் போய்விட்டது.

"ரெண்டு வழியில எது தூரம்னு தெரியணும்னு காலடி எண்ணிக்கிட்டே வந்தேன். எல்லாத்தையும் வரைஞ்சு வெச்சிருக்கேன்."

தோள்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பரணில் ஏற்றிய ஆறு நோட்டில் ஒன்றல்ல அது. எப்போது, எங்கே வாங்கினாள் என்று பரிமளாவுக்குத் தெரியாது. மஞ்சின் ஈரத்தில் ஓரம் சுருண்டிருந்தது.

மூன்று பக்கத்துக்கு வரைந்திருந்தாள். மடம், கடுக்காய் மரம், பாதை பிரிகிற இடம், ஐந்து வீடு, பாறை, குகை. ஒவ்வொரு வளைவுக்கும் காலடிக் கணக்கு. ஓரத்தில் பொடிப்பொடியாகக் கேள்விகள். எட்டு மாதமாக ஒரு வரி எழுதாத கை அது.

செழியன் எட்டிப் பார்த்து, முயல் எங்கே என்று கேட்டான். அல்லி பென்சிலை எடுத்து, குகைக்குப் பக்கத்தில் இரண்டு காது வரைந்து கொடுத்தாள்.

பரிமளா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் சுனை என்பதைச் 'சுணை' என்று எழுதியிருந்தாள் அல்லி. பரிமளாவின் ஆள்காட்டி விரல் தன்னால் அந்தச் சொல்லை நோக்கிப் போனது.

சுனையம்மா மொச்சைத் தோலையெல்லாம் அள்ளி எடுத்துக்கொண்டு எழுந்தார். இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

பரிமளா விரலை மடக்கிக்கொண்டாள்.

"அல்லி, எனக்குப் புரியல. இதுல நாம இப்ப எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கோம்?"

அல்லி அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பரீட்சைக்குக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று பார்த்தாள்.

பிறகு நோட்டை அம்மாவின் பக்கமாகத் திருப்பி வைத்து, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.