புலியை இங்கே பார்க்கச் சொன்னவர்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் தாராபுரத்துப் பூங்கொடி. அந்தக் கோடைப் பயணம் முழுவதும் காரை ஓட்டியவரும் அவரே. ஆகவே வழியில் நடந்த எதையும் அவர் தவறவிட்டிருக்க நியாயமில்லை.

பூங்கொடியின் கணவர் மாசிலாமணி முப்பது ஆண்டுகளாகத் திருமணப் புகைப்படம் எடுப்பவர். "இங்க பாருங்க, லேசாச் சிரிங்க, தாடையை இறக்குங்க" என்று சொல்லாமல் அவர் விரல் ஒருமுறைகூடப் பொத்தானை அழுத்தியதில்லை. காலம் மாறிற்று. தூணுக்குப் பின்னால் சத்தமின்றி நின்று படமெடுக்கும் இளைஞர்களை மணவீட்டார் தேடிப் போயினர். வரும் ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒருவரும் மாசிலாமணியிடம் முன்பதிவு செய்யவில்லை. அந்தப் புது வித்தை கைவராவிட்டால், ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு மைத்துனரின் அரிசி மண்டியில் மூட்டைகளுக்குக் காவல் இருக்க வேண்டியதுதான்.

வித்தை கற்க அவர் தேடிச் சென்ற குரு, மசினகுடியில் வாழும் மெஹருன்னிசா. காட்டு விலங்குகளைப் படமெடுப்பவர். சீடரைவிட வயதில் மிக இளையவர்.

குரு அவருடைய திருமண ஆல்பத்தைப் பொறுமையாகப் புரட்டினார்.

"எல்லாப் படத்துலயும் நீங்களே இருக்கீங்களேண்ணா."

"நானுங்களா? நான் கேமராவுக்குப் பின்னாலயில்லீங்க நின்னேன்!"

"பொண்ணு உங்களைப் பார்க்குது. மாப்பிள்ளை உங்களைப் பார்க்கிறார். தாலி கட்டுற நேரத்துல ஐயர்கூட உங்களைத்தான் பார்க்கிறார்."

"நான்தானுங்க பார்க்கச் சொன்னேன்" என்றார் மாசிலாமணி, பெருமையாக.

குரு ஆல்பத்தை மூடினார்.

"முதுமலை, பந்திப்பூர் ரெண்டும் போயிட்டு வரலாம். திரும்பி வர்றதுக்குள்ள நீங்க இல்லாத ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. காட்டினா சேர்த்துக்கறேன்."

"இல்லீன்னா?"

"அரிசி மண்டியும் நல்ல தொழில்தாண்ணா."

முதுமலையில் வனத்துறை வேனில் ஏறினார்கள். வெயிலில் காடு காய்ந்து, தேக்குகள் இலையுதிர்ந்து நின்றன. வழியருகே புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. மாசிலாமணி கேமராவை உயர்த்தினார்.

"அந்தக் கடைசி ஆளு, கொஞ்சம் உள்ள நெருங்கி நில்லுங்க!"

கூட்டம் புதருக்குள் பாய்ந்தது.

"அஞ்சு நிமிஷம்" என்றார் குரு.

"என்னங்க அஞ்சு?"

"காட்டுக்குள்ள பேசினதுக்குக் கடன். அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காம இருந்து அடைக்கணும். மொத்தத்தையும் ஒரே மூச்சுல அடைக்கணும்."

"இப்பவே ஆரம்பிக்கணுங்களா?"

"அதுக்கு இன்னொரு அஞ்சு."

அடுத்து, ஒரு காட்டெருமையிடம் தாடையை இறக்கச் சொன்னார். அது தாடையை இறக்கவில்லை, கொம்பை இறக்கியது. ஓட்டுநர் வேனைப் பின்னுக்கு எடுத்தார். ஐந்து. கருங்குரங்குத் தாய் ஒன்றிடம், "குழந்தையை மடியில வச்சுக்கம்மா" என்றார். அது உண்மையிலேயே குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

"பார்த்தீங்களா குருவம்மா! சொன்னாக் கேக்குதுங்க!"

"நல்ல குடும்பம்" என்றார் குரு. "ஆக, இருபது."

மறுநாள் பந்திப்பூரில் சஃபாரி பேருந்து. கடைசி வளைவில், குட்டையோரம், ஒரு புலி. முதுகைக் காட்டியபடி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. பேருந்தில் மூச்சுவிடும் ஒலிகூட இல்லை.

மாசிலாமணி கேமராவைக் கண்ணில் வைத்தார். இதோ, தம்மை அறியாத ஓர் உயிர். தண்ணீர் குடிக்கையில் தோள் அசைவதுகூடக் கேமராவில் தெரிந்தது. வேண்டியது ஒரு விரலசைவு மட்டுமே. ஆனால் முப்பது ஆண்டுப் பழக்கம் விரலை முந்திக்கொண்டு வாய்க்கு வந்துவிட்டது.

"சார்! இங்க பாருங்க!"

புலி பார்த்தது.

மீசையில் சொட்டும் நீரோடு, இரு கண்களாலும், நேருக்கு நேர். பேருந்திலிருந்த எல்லாருடைய கேமராக்களும் ஒருசேரச் சொடுக்கின. புலி எழுந்து, சோம்பல் முறித்து, மூங்கிலுக்குள் போய்விட்டது. மைசூர்க்காரர் ஒருவர் எழுந்து வந்து மாசிலாமணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரவர் படத்தை அவரவர் பார்த்து மகிழ்ந்தார்கள்.

மாசிலாமணி கேமராவைக் குருவிடம் நீட்டினார்.

"எப்படீங்க? இதுக்கு மேல ஒரு படம் இருக்குதுங்களா?"

"அருமையான படம்ணா. ஒரு மாலை போட்டா மணமேடையில உட்கார வச்சிரலாம்."

"குருவம்மா!"

"புலி உங்களைப் பார்க்குது. புலிக்கு இருபது. பழையதோட சேர்த்து நாற்பது."

மாசிலாமணி காரின் பின் இருக்கையில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். புலியையே பார்க்க வைத்தவனுக்கு இந்த மரியாதைதானா? இனி இந்த அம்மாளிடம் ஒரு சொல் பேசுவதில்லை. மனைவியிடமும் பேசுவதில்லை, ஏனெனில் மனைவி அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து, மாலை என்றவுடன் சிரித்தவர்.

வண்டி காட்டைக் கடந்தது. வழியில் மயில் நின்றது, அவர் பேசவில்லை. யானைச் சாணத்தைச் சுட்டிக் குரு ஏதோ சொன்னார், அவர் பேசவில்லை. எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. பூங்கொடி இஞ்சினை அணைத்தார். மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய மாங்காய்க் கீற்று ஒன்றை எடுத்தார்.

வண்டியின் உட்கண்ணாடியில் மனைவியின் முகம் மாசிலாமணிக்குத் தெரிந்தது.

ஸ்டூடியோச் சுவரில் பூங்கொடியின் படங்கள் பல உண்டு. ஒவ்வொன்றிலும் தாடை இறங்கியிருக்கும். புன்னகை சொன்ன அளவில் இருக்கும். ரேஷன் அட்டைக்கு எடுத்தது போலிருக்கும். கண்ணாடியில் தெரிந்ததோ வேறொரு பெண். ஒரு கண் இறுக மூடியிருந்தது. மூக்கு சுருங்கியிருந்தது. புளிப்பு முகமெங்கும் ஓட, அதை விரட்டி ஒரு சிரிப்பு ஓடியது. நாக்கு வெளியே வந்து உதட்டோரத்து மிளகாய்த்தூளைத் தேடியது.

மாசிலாமணி கேமராவை எடுத்தார்.

"தலையைக் கொஞ்சம் தூக்கு புள்ள" என்ற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் பேசினால் கோபம் தணிந்துவிட்டது என்றல்லவா ஆகிவிடும்? விழுங்கினார்.

சொடுக்கினார்.

பிறகு, வாய் திறவாமலே, கேமராவை முன்னிருக்கைக்கு நீட்டினார். குரு வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு வந்துருங்கண்ணா."

பூங்கொடி எட்டிப் பார்த்தார். "ஐயே, இதென்ன கோலம்! அழிங்க முதல்ல!" என்றவர், கேமராவைத் தம் கையில் வாங்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "ஏனுங்க... நான் இப்படியா இருக்கறேன்?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"என்ன அம்மிணி இது, இந்த மனுசன் இத்தனை நேரமா ஒரு வார்த்தை பேசல? உடம்புக்குச் சேரலயா?"

குரு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடனை அடைச்சிட்டிருந்தாருக்கா. நாற்பது நிமிஷம். முழுசா வந்துருச்சு."