கூனல் பாலமும் ராஜாவின் மைத்துனரும்

“பாலம் என்றால் நேராக இருக்க வேண்டாமா? நடுவில் எதற்கு இந்தக் கூன்? பல்லக்கு ஏறும்போது பின்னால் சரிவேன், இறங்கும்போது முன்னால் சரிவேன்!”

இப்படிக் கத்தியவர் ராஜாவின் மைத்துனர் கோதண்டராயர். எந்த ராஜா என்று கேட்காதீர்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் கொள்ளுத்தாத்தா பிறக்காத காலம். ராஜாக்கள் இருந்தார்கள், ஆகவே மைத்துனர்களும் இருந்தார்கள். வேறெதற்கும் லாயக்கில்லை என்று இவரைப் பாலங்களுக்கு அதிகாரியாக்கியிருந்தார் ராஜா.

குறும்பாறை என்ற மலையூரில் ஒரு காட்டாறு. மழைக்காலத்தில் அதைக் கடக்கப் போய் வருஷத்துக்கு ஒருவராவது திரும்பாமல் போவார். அதனால் கல்தச்சன் சடையன் பாலம் கட்ட வந்தான். மரச்சாரம் கட்டி, அதன்மேல் கல்லோடு கல்லைச் சாய்த்து வளைத்துக்கொண்டிருந்தான்.

“ஒண்ணையொண்ணு நெருக்கித்தான் கல் நிக்கும் சாமி. வளைவை எடுத்தா விழுந்துடும்.”

“எனக்கே பாடமா? சப்பையாகக் கட்டு. இல்லையென்றால் தலை இருக்காது.”

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சாரத்தைப் பிரிக்கும்போது, பாலத்தை உருவாக்கியவர் அதன் அடியில் நிற்க வேண்டும். ஆக, கட்டாவிட்டாலும் சாவு, கட்டினாலும் சாவு. சடையன் அழுதான். அவன் மனைவி வெள்ளச்சி அழவில்லை. அடுப்பில் அவளுக்கு வேலை இருந்தது.

“அவர் சொன்னபடியே கட்டுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்.”

வளைவைக் கலைத்துவிட்டுப் புதிதாக முதல் கல் வைத்த அன்று, ஊர் கூடியிருக்கக் கேட்டாள். “இந்தச் சப்பைப் பாலம் யாரு யோசனை சாமி?”

“என் யோசனை.”

பாதி முடிந்ததும் கேட்டாள். “சந்தேகமென்ன, என்னுடையதேதான்!” என்றார்.

முழுதும் முடிந்ததும் கேட்டாள். வாயால் சொன்னது போதாதென்று கல்லிலேயே வெட்டச் சொன்னார்: ‘இப்பாலத்தை உருவாக்கியவர் கோதண்டராயர்.’ ஒவ்வோர் எழுத்தும் ஒரு முழம்.

சாரம் பிரிக்கும் நாள் வந்தது. மேளம் வந்தது, மாலை வந்தது.

“படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் அந்தக் கல்லைப் படிங்களேன்,” என்றாள் வெள்ளச்சி.

படித்தார்கள். ஊரே அவரைத் திரும்பிப் பார்த்தது.

கோதண்டராயருக்கு முதலில் வயிற்றுவலி வந்தது. அடுத்து, நாள் சரியில்லாமல் போனது. மூன்றாவதாக, அரண்மனையில் அவசர வேலை. பிறந்ததிலிருந்து அவருக்கு வாய்த்த முதல் வேலை அதுதான். பல்லக்கு பறந்தது.

சடையன் பக்கத்திலேயே கூனல் பாலம் கட்டினான். சாரத்தைப் பிரித்தபோது வெள்ளச்சியும் அவனும் அடியில் நின்றார்கள். ஒரு கூழாங்கல்கூட உதிரவில்லை. அதற்குப் பிறகு ஆறு யாரையும் கொண்டுபோகவில்லை.

தான் அடியில் நிற்கத் துணியாத எதையும் பிறரைக் கட்டச் சொல்லக் கூடாது.

சப்பைப் பாலத்தின் சாரம் மட்டும் பிரிக்கப்படாமல் அப்படியே நின்றது. கூனல் பாலத்தில் பின்னால் சரிந்து ஏறி, முன்னால் சரிந்து இறங்கிப் பல்லக்கு போகும்போதெல்லாம் வெள்ளச்சி கூப்பிடுவாள்:

“சாமி, ஒரு நிமிஷம் வந்து அடியில நில்லுங்களேன். அந்த மரமெல்லாம் எனக்கு விறகுக்கு ஆகும்!”