முன்னால் நடந்த நடவு

முன்னொரு காலத்திலே மருதங்காட்டு நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று நினைப்பார், மாலையில் மறந்துபோவார். அரண்மனைக்குத் தாமரைக்குளம் வேண்டுமென்று ஒருநாள் தோன்றியது. ஊர் வாய்க்காலின் மடையை அடைத்துத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார். குளம் நிரம்பியது. மடையைத் திறக்கத்தான் மறந்துவிட்டார்.

ஊரில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் போனால் மாட்டுக்குத்தான் ஆகும். நடவுக்காரி காத்தாயி ஒரு நாற்று முடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள்.

அன்றைக்குப் பார்த்து ஆஸ்தான ஓவியர் சித்திரசிகாமணி சுவர் அகலத்துக்கு ஒரு படம் தீட்டி வைத்திருந்தார். வயல் நிறையத் தண்ணீர், வரிசையாக நடவு நடும் பெண்கள்.

"மடையைத் திறக்கணும் மகாராசா. இல்லேன்னா ஊரே பட்டினி."

"என்னம்மா குறை? படத்தைப் பார், எவ்வளவு தண்ணீர்!"

காத்தாயி பார்த்தாள். பக்கென்று சிரித்துவிட்டாள். "படம் தப்புங்க."

ஓவியர் துள்ளினார். "சேற்றில் நிற்பவளுக்குச் சித்திரம் தெரியுமா? தண்டியுங்கள் பிரபு!"

ராஜாவுக்கு ஒரே உற்சாகம். "தப்பென்று காட்டினால் மடை திறக்கும். காட்டாவிட்டால் மடையும் திறக்காது. நீயும் வருஷம் பூரா இந்தப் படத்தின் முன் நின்று 'ஆஹா' சொல்ல வேண்டும்."

"படத்துல இருக்கிறபடியே அய்யா நட்டுக் காட்டட்டும். நாத்து கொண்டாந்திருக்கேன்."

"இதென்ன பிரமாதம்!" என்றார் ஓவியர்.

எல்லோரும் குளத்தங்கரைக்குப் போனார்கள். ஓவியர் பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கரையோரச் சேற்றில் இறங்கினார். குனிந்து நட்டார், முன்னால் ஓரடி வைத்தார், நட்டார், இன்னோரடி. பத்தடி போனதும் கம்பீரமாக நிமிர்ந்தார்.

"கொஞ்சம் திரும்பிப் பாருங்கய்யா," என்றாள் காத்தாயி.

நட்ட நாற்றெல்லாம் அவர் காலிலேயே மிதிபட்டுக் கிடந்தது. ஒன்றுகூட நிற்கவில்லை.

"நாங்க பின்னால நகர்ந்துக்கிட்டேதான் நடுவோம் மகாராசா. இவரு படத்துல அத்தனை பேரும் முன்னால போறாங்க. வரப்புக்குப் போய்ச் சேர்றப்போ வயல்ல ஒரு பயிரு மிஞ்சாது."

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். "திறங்களடா மடையை! சிகாமணி, நடவு முடியும்வரை நீர் இவள் சொல்கிற வயலில் நடும். பிறகு தூரிகையைத் தொடும்."

"பின்னால் நடப்பார்கள் என்று யார் கண்டது?" என்று ஓவியர் முணுமுணுத்தார்.

"ராஜாவுக்கு முதுகு காட்டக்கூடாதுன்னு தினமும் பின்னாலயே நடக்கிறீங்களே அய்யா. அதே மரியாதையைப் பயிருக்கும் குடுக்கக்கூடாதா?"

சொல்லிவிட்டு ராஜாவைக் கும்பிட்டபடியே, குளத்தங்கரையில் பின்னால் நடந்து போனாள். ஒரு தடுமாற்றம் இல்லை.

கரையேறிய ஓவியரும் கும்பிட்டபடி பின்னால் நடந்தார். மூன்றாவது அடியில் தொபுக்கடீரென்று தாமரைக்குளத்தில் விழுந்தார்.