நாற்பது வீட்டுத் தண்ணீர்

“கை தட்டுதாவம்மா. அதுதான் எனக்கு ஆத்திரமா வருது.”

மடத்துப் படியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகப் பொன்னம்பலவாணன் ஆரம்பித்துவிட்டார். மனிதர் பட்டிமன்றப் பேச்சாளர். தாமிரபரணிக்கு இக்கரையிலும் அக்கரையிலும் அவர் ஏறாத மேடை கிடையாது.

அன்னதான மடத்தை நடத்தும் காந்திமதி அம்மை அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். வாணனைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் ஊரே புத்தி கேட்டு வருவது அவரிடம்தான்.

“யாரு தட்டுதா?”

“எங்க தெருக்காரங்கதான். போன ஐப்பசி மழையில வீட்டுக்குள்ள இடுப்பளவு சாக்கடைத் தண்ணி. பிள்ளைத்தாச்சி ஒருத்திய கட்டிலோட தூக்கிட்டு ஓடுனோம். இந்த வருசம் அப்படி ஆகக்கூடாதுன்னு மூணு கூட்டம் போட்டேன். தூர் வாரலாம் வாங்கன்னு தொண்டை கிழியப் பேசுனேன். சிரிக்குதாவ, தட்டுதாவ, எந்திரிச்சுப் போயிருதாவ. மண்வெட்டியோட ஒருத்தன் வரல.”

“எத்தன வீடு?”

“நாப்பது.”

“பத்து நாள் மௌன விரதம் இருங்க அண்ணாச்சி. எழுதியும் காட்டக்கூடாது. ஒரு நாளைக்கு நாலு வீடுன்னு நாப்பது வீட்டுக்கும் போங்க. தண்ணி வாங்கிக் குடிங்க.”

“பேசாம எப்படிக் கேக்க?”

அம்மை கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார்.

“குடிச்சிட்டு?”

“செம்ப உடனே திருப்பிக் குடுத்துராதீங்க.”

அவ்வளவுதான். அண்டா மறுபடி உருண்டது.

வாணனை வாயை மூடச் சொல்வது மீனைக் கரையில் நடக்கச் சொல்வது போல. இருந்தாலும் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

முதல் வீடு பாத்துமுத்துவுடையது. கட்டிலோடு தூக்கிப் போனார்களே, அந்தப் பிள்ளைத்தாச்சியின் தாய்.

“அண்ணாச்சிக்குத் தொண்ட கட்டிட்டா? நல்லதுதான், கொஞ்சம் ஓயட்டும்” என்று சிரித்தபடி தண்ணீர் கொடுத்தாள்.

இருபது வருடமாக எதிர் வீடு. வாணன் அங்கே தண்ணீர் குடிப்பது அன்றுதான் முதல் தடவை. குடித்துவிட்டு, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

அவளும் நின்றாள். எத்தனை நேரம்தான் சும்மா நிற்பாள்?

“நீங்க தெரு ஓரத்துச் சாக்கடையத்தான் வாரணும்னு பேசுனீங்க. தண்ணி அங்கருந்து வரல அண்ணாச்சி. பின்னால வாய்க்கால்லருந்துலா ஏறுச்சு. நான் கண்ணால பாத்தேன்.”

‘அதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை?’ என்று கேட்க நாக்கு துடித்தது. சொல்ல யார் விட்டார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாம் நாள் சேவியர் கொத்தனார் வீடு. கொத்தனார் செம்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அந்த வாய்க்கால் மேல பலகைக்கல்லு போட்டது நான்தான். அதுக்கு அடியிலதான் அடைச்சிக் கிடக்கு. நாலு ஆளு சேந்தா எடுத்துரலாம். யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

ஏழாம் நாள் இசக்கியப்பன் வீடு. அந்தக் கல் அவருடைய கொல்லை வாசலுக்காகப் போட்டது. அவர் தண்ணீரைக் கையில் தரவில்லை, தரையில் வைத்தார்.

“வாரும்வே. பொங்கல் பட்டிமன்றத்துல, வாய்க்காலத் தின்ன முதலைன்னு மைக்குல என்னயத்தான சொன்னீரு? தெருவே சிரிச்சிச்சு. எம்மவ ஒரு வாரம் வெளிய வரல.”

வாணன் செம்பை எடுத்தார். அன்று கிடைத்த கைதட்டல் காதில் கேட்டது, உடம்பெல்லாம் கூசியது.

“கல்ல எடுக்கணும்னு ஒரு வார்த்த வீட்டுல வந்து கேட்டிருந்தா எடுத்திருப்பேன்வே.”

மன்னிப்புக் கேட்க வாய் இல்லை. வாணன் இசக்கியப்பனின் கையைப் பிடித்தார். விடவே இல்லை. பிடித்த பிடியில் கொத்தனார் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார்.

கொத்தனார் கல்லின் கனம் சொன்னார். இசக்கியப்பன் கயிறு இருக்கிறது என்றார். சத்தம் கேட்டு வந்த பாத்துமுத்து, தண்ணீர் ஏறிய இடத்தைக் காட்டுகிறேன் என்று முன்னால் நடந்தாள். போகப் போக ஆள் சேர்ந்தது. வாணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் விடிந்தது. பத்து நாள் பேச்சும் நெஞ்சில் முட்ட, வாணன் வாயைத் திறக்கத் தயாரானார். இசக்கியப்பன் வீட்டுக் கொல்லைப் பக்கம் கடப்பாரைச் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கல் பாதி எழும்பியிருந்தது. பாதித் தெரு வாய்க்காலுக்குள் நின்றது.

“அன்புக்குரிய...” என்று தொடங்கினார்.

“அண்ணாச்சி, பேச்சு பொறவு. இந்தக் கயித்தப் பிடிங்க” என்றார் இசக்கியப்பன்.

வாணன் வேட்டியை மடித்துக் கட்டினார்.

கார்த்திகை பிறந்ததும் மடத்துக்குப் போனார். அம்மை அன்றைக்கும் அண்டாவோடுதான் இருந்தார்.

“ஐப்பசி மழைக்குத் தண்ணி ஏறுச்சா?”

“வாய்க்கால் நொங்கும் நுரையுமா ஓடுச்சு. படியத் தொடல.”

“அடுத்த கூட்டம் எப்ப?”

“நேத்துதான் போட்டாவ, தெருவிளக்குக்கு. பாத்துமுத்து வீட்டு முற்றத்துல. நான் கூட்டல, அவங்களே கூடுனாவ.”

“நீங்க என்ன பேசுனீங்க?”

வாணன் சிரித்தார். கட்டைவிரலை வாய்க்கு நேரே சாய்த்துக் காட்டினார்.

அம்மை கை கழுவி, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாணன் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அம்மை கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அண்டாவைத் தள்ளி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

“இந்த மடத்துல எனக்கு ஒரு சங்கடம் இருக்கு அண்ணாச்சி. இதுவரைக்கும் யார்ட்டயும் சொன்னதில்ல...”