விடுபட்ட பதினாறு வரிகள்

துணிக்கடைகளுக்குப் படிக்கட்டு இருந்த காலத்தில், திருநெல்வேலி மேல ரத வீதியில் ஒரு கடையில், சுடிதார் பிரிவில் சிவசைலம் இருபத்தெட்டு ஆண்டுகள் நின்றார். நின்றார் என்பதே சரி. அந்தக் கடையில் விற்பனையாளர்களுக்கு நாற்காலி கிடையாது.

பிறகு படிக்கட்டு இல்லாமல் போயிற்று. முதலாளியின் மகன் வாடகைக் கட்டடத்தை ஒப்படைத்துவிட்டு, சரக்கு முழுவதையும் பாளையங்கோட்டைக்கு அப்பால் ஒரு கிடங்குக்கு மாற்றி, இணையத்தில் விற்கத் தொடங்கினார். நின்றிருந்த ஒன்பது பேரில் சிவசைலத்தை மட்டும் அழைத்தார்.

"மூணு மாசம் கத்துக்கிடுங்க, அண்ணாச்சி. ஒரு புது டிசைனை யார் துணையும் இல்லாம கடையில ஏத்திட்டீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லைன்னா நான் ஒண்ணும் செய்யதுக்கில்ல."

இல்லையென்றால் ஓசூரில் மருமகன் வீடு இருந்தது. அங்கே தமக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த இடத்தைச் சிவசைலம் பார்த்திருக்கிறார். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கட்டில்.

கற்றுக்கொடுக்க வந்தவர் நிலோபர். மேலப்பாளையத்துப் பெண். ஆசிரியைக்கு இருபத்தாறு வயது, மாணவருக்கு ஐம்பத்தைந்து. முதல் நாள் மாணவர் ஒரு தட்டில் பழமும் வெற்றிலை பாக்கும் ஏந்தி நின்றார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"படிக்க வாரவன் வெறுங்கையோட வரலாமா, டீச்சரம்மா?"

"நான் வெத்தலை போடமாட்டேனே."

"பழம் சாப்பிடுவீங்கள்லா? அது போதும்."

ஆசிரியை பழத்தை எடுத்துக்கொண்டு, நாற்காலியைக் காட்டினார். மாணவர் உட்கார நான்கு நாள் ஆயிற்று.

பாடம் எளிமையானது. ஒரு டாப்ஸ், அதற்குப் பத்து நிறம், ஆறு அளவு, அரைக்கை, முக்கால் கை.

"மொத்தம் எத்தனை வரும், அண்ணாச்சி?"

"நூத்திருபது."

"ஒவ்வொண்ணுக்கும் பட்டியல்ல ஒரு வரி. வரி இருந்தாத்தான் அது கடையில இருக்கு. வரி இல்லைன்னா, அலமாரியில கிடந்தாலும் கடையில இல்ல."

"நூத்திருபதையும் நான் தட்டணுமா?"

ஆசிரியை நிறங்களையும் அளவுகளையும் கைகளையும் ஒரு முறை குறித்து, ஒரு விசையைத் தட்டினார். நூற்றிருபது வரிகளும் திரையில் இறங்கி நின்றன. சிவசைலம் திரையிலிருந்து சற்றுப் பின்வாங்கினார்.

"என்ன அண்ணாச்சி, பயந்துட்டீங்களா?"

"இல்ல. இத்தனையையும் எடுத்துப் போட்டு, திரும்ப மடிச்சு வைக்க, ஒரு தீபாவளிச் சனிக்கிழமை முழுசும் ஆகும். அதை நினைச்சேன்."

அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், அந்த மூன்று மாதமும். பிரித்த உறையின் சரசரப்பு. புதுப் பருத்தியின் கஞ்சி வாசனை. மேசை மேல் அலை அலையாக விழுந்து கிடக்கும் நிறங்கள். படியேறும்போதே, "சிவசைலம் அண்ணாச்சி இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டு வரும் பெண்கள். வாய் திறந்து கேட்குமுன் அவர்களுக்கு வேண்டியதை எடுத்துப் போடுவார். கண்ணைப் பார்த்தே சரக்கு எடுப்பவர் என்று கடையில் அவருக்குப் பெயர்.

கடைசி வாரம் வந்தது. புதிய டாப்ஸின் விவரங்களை ஆசிரியை அவரிடம் கொடுத்தார். இதிலும் நூற்றிருபது.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இது கடையில ஏறணும். நான் தொடமாட்டேன்."

வியாழன் காலையில் சிவசைலம் பட்டியலைத் திறந்து காட்டினார். முகத்தில் சிறிது பெருமையும் இருந்தது. ஆசிரியை கடைசி வரியின் எண்ணைப் பார்த்தார்.

"நூத்திநாலுதான் இருக்கு."

"ஆமா."

"மீதி பதினாறு?"

"நான்தான் எடுத்துட்டேன். நாப்பத்திநாலு, நாப்பத்தாறு அளவுல நாலு நிறம் போகாது, டீச்சரம்மா. எலுமிச்சை மஞ்சள், கிளிப்பச்சை, ராணி பிங்க், ஆரஞ்சு. ரெண்டு கைக்கும் சேர்த்துப் பதினாறு."

"சரக்கு வந்திருக்கா?"

"வந்திருக்கு. தைக்கிறவன் எல்லா நிறத்துலயும் எல்லா அளவும் தைச்சு அனுப்பிட்டான். அவனுக்கென்ன தெரியும்? நல்ல தாட்டியா இருக்கிற பொம்பளைங்க எடுப்பான நிறம் கேக்கமாட்டாங்க. இருபத்தெட்டு வருசத்துல ஒருத்தர் கேட்டதில்ல."

"ஒருத்தர்கூட?"

"ஒருத்தர்கூட. இது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆளைப் பார்த்து வித்தவனுக்குத்தான் தெரியும்."

ஆசிரியை நாற்காலியைத் திருப்பினார். பொதி கட்டும் இடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பேச்சியக்கா, கொஞ்சம் வாங்க."

பார்சல் ஒட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாள், ஒட்டும் நாடாவை வளையல்போலக் கையில் மாட்டியபடி வந்தார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"உங்க அளவு என்னக்கா?"

"நாப்பத்தாறு. எதுக்கு? என்னை நிறுத்துப் பார்சல் போடப் போறியளா?"

"அண்ணாச்சி உங்களுக்குச் சுடிதார் காட்டுவாங்க. அந்த மேசைக்கு இந்தப் பக்கம் நில்லுங்க. அண்ணாச்சி, நீங்க அந்தப் பக்கம். கடையில எப்படிக் காட்டுவீங்களோ, அப்படியே."

சிவசைலம் எழுந்தார். மேசைக்குப் பின்னால் போய் நின்றதும் முதுகு தானாக நிமிர்ந்தது. மூன்று மாதமாக விசைகளைத் தேடித் தடுமாறிய விரல்களுக்குத் தங்கள் வேலை திரும்பக் கிடைத்துவிட்டது.

"வாங்கம்மா. வீட்டுக்கா, வெளியில போட்டுக்கிடவா?"

"கல்யாணத்துக்கு," என்றார் பேச்சியம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "கல்யாணம் எனக்கில்ல, மதினி மகளுக்கு."

மெரூன் விழுந்தது. அதன்மேல் நேவி ப்ளூ, பாட்டில் கிரீன், காப்பி. ஒவ்வொன்றும் தோள்பகுதி மேலே வர, மடிப்பு கலையாமல், விசிறிபோல மேசையில் பரவியது. பேச்சியம்மாளின் சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் தமக்காக இப்படிப் பிரித்துப் போட்டுப் பார்த்திராதவர்போலத் துணிகளை ஒருமுறை தொட்டார். பிறகு அவருடைய பார்வை நிமிர்ந்து, சிவசைலத்தின் தோளைத் தாண்டி, மேலே போய், ஒரு கணம் நின்று, உடனே இறங்கிவிட்டது.

"மெரூனே இருக்கட்டும், அண்ணாச்சி," என்றார்.

"என்னம்மா, மணி பாக்குதீங்களா? இந்தா, நொடியில முடிச்சிரலாம்," என்றார் சிவசைலம்.

"இங்க ஏது கடியாரம்?" என்றார் பேச்சியம்மாள்.

சிவசைலம் திரும்பிப் பார்த்தார். கிடங்கின் சுவரில் கடிகாரம் இல்லை. மேல்தட்டில், உறைக்குள்ளிருந்தும் கண்ணைப் பறித்துக்கொண்டு, எலுமிச்சை மஞ்சள் அடுக்கியிருந்தது.

மேல ரத வீதிக் கடையில் கடிகாரம் இருந்தது. சிவசைலம் நிற்கும் இடத்துக்கு நேர் பின்னால், உயரத்தில். தபால் ஆபீஸில் வேலை பார்த்த ரெஜினா அக்கா, நாற்பத்துநாலு அளவு, பன்னிரண்டு கிறிஸ்துமஸுக்கு அவரிடம் சுடிதார் எடுத்தார். வேறு யாரிடமும் எடுக்கமாட்டார். ஒவ்வொரு முறையும் பேசிக்கொண்டே இருக்கையில் அவருடைய கண் தோளைத் தாண்டி மேலே போகும். "நேரமாயிட்டாக்கா?" என்று சிவசைலம் மெரூனைப் பில்லுக்கு அனுப்பிவிடுவார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிப் போவார்.

கடிகாரத்துக்கு நேர் கீழே இருந்த தட்டில் மஞ்சளையும் கிளிப்பச்சையையும் அடுக்கி வைத்தவர் சிவசைலமேதான்.

அவர் மேசையில் பரப்பியதை மடிக்கவில்லை. அது அவர் வழக்கத்தில் இல்லாதது. நேராகக் கணினிக்கு முன் போய் உட்கார்ந்தார். விடுபட்ட வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டத் தொடங்கினார்.

"ஒரு விசையைத் தட்டினாலே வந்துரும், அண்ணாச்சி."

"தெரியும், டீச்சரம்மா."

பதினாறு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆசிரியை அருகிலேயே அமர்ந்திருந்தார். பேச்சியம்மாள், "அப்போ எனக்குச் சுடிதார் கிடையாதா?" என்று கேட்டுவிட்டு, பார்சல் ஒட்டப் போய்விட்டார்.

கடைசி வரியின் எண் நூற்றிருபது. சிவசைலம் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"சின்ன முதலாளிகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"வெள்ளிக்கிழமை கேட்டது வியாழக்கிழமையே வந்துட்டுன்னு சொல்லுவேன்."

"பதினாறை எடுத்ததை?"

"எடுத்ததும் நீங்க, போட்டதும் நீங்க. நான் தொடலையே."

சிவசைலம் தலையசைத்தார். ஓசூர்க் கட்டில் சற்றுத் தொலைவுக்குப் போயிற்று. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, அண்ணாச்சி."

"எதிர்ல நின்ன ஆளோட கண்ணையே இத்தனை வருசம் தப்பாப் படிச்சிருக்கேன். இங்க ஆளே கிடையாது. இனிமே அவங்க மனசுல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டாம். எல்லாத்தையும் எடுத்துப் போடுங்க," என்றார் ஆசிரியை.