ராஜா ருசி பார்த்த உப்பு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குத் தூக்கம் வராவிட்டால் போதும், விடிவதற்குள் நாட்டுக்கு ஒரு புதுச் சட்டம் பிறந்துவிடும். அப்படி ஒரு ராஜா விடிந்ததும் விடியாததுமாகச் சபையைக் கூட்டினார்.

"நம் உப்பைத் தின்றவர்களுக்கு நோய் வந்தால் நம் வைத்தியரே பார்ப்பார். மருந்தும் இனாம். ஆனால் ஒவ்வொருவரும் என் முன்னால் வந்து அரண்மனை உப்பை நாக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். சிறைக் கைதிகளுக்கு மட்டும் அந்தச் சடங்கு வேண்டாம். அவர்கள் நம் பொறுப்பு!" என்றார்.

நல்ல சட்டம்தான். சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் சடகோபனும் அவன் மனைவி குமுதவல்லியும் முதல் ஆளாகப் போய் உப்பை நக்கிவிட்டு வந்தார்கள்.

மருந்துக் கொட்டடிக்கு அதிகாரி அம்பலத்தரசர். சடகோபன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு அவர் கொட்டடியிலேயே மருந்து கிடையாது. குமுதவல்லிக்கு ஆண் பிள்ளை பிறந்ததும், மனிதர் ராஜாவிடம் நைசாகப் பேசிச் சட்டத்துக்கு ஒரு வால் ஒட்டிவிட்டார். பிறந்த பிள்ளை அடுத்த அமாவாசைக்குள் உப்பு வாங்க வேண்டும்; தவறினால் ஐந்து வயது வரை மருந்து கிடையாது. பச்சைப் பிள்ளைக்கு உப்பு ஆகாது என்பது ஊருக்கே தெரியும். அம்பலத்தரசருக்கும் தெரியும். தெரிந்துதானே செய்தார்!

அமாவாசையும் வந்தது. அன்று பார்த்துப் பிள்ளைக்குச் சளி கட்டி நெஞ்சு கர்ர் கர்ரென்றது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கோரோசனையைத் தாய்ப்பாலில் உரைத்துப் புகட்டச் சொன்னார் வைத்தியர். கோரோசனையோ மருந்துக் கொட்டடியைத் தவிர வேறெங்கும் இல்லை.

"ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறீங்களே, இங்க புள்ள மூச்சுவிட முடியாம திணறுதே! ஏதாச்சும் செய்யுங்க" என்று குமுதவல்லி அழுதாள்.

சடகோபனுக்கு ஒரு விகடமும் தோன்றவில்லை. பயம்தான் தோன்றியது. பிள்ளையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டான். உதட்டை நக்கிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"குமுதா, கெளம்பு. சபைக்குப் போறோம்."

சபையில் அம்பலத்தரசர் வெள்ளித் தட்டில் உப்போடு காத்திருந்தார். "வாரும் ஓய்! பிள்ளை வாயைத் திறக்கட்டும்."

வைத்தியர் பதறினார். "கூடாது! பச்சை உடம்பு தாங்காது."

"உப்பு இல்லையேல் மருந்து இல்லை. இது மகாராஜாவின் சட்டம்" என்றார் அம்பலத்தரசர்.

ராஜா சங்கடத்தோடு மீசையைத் தடவினார். "சொன்ன சொல்லை நான் எப்படி மாற்றுவேன், சடகோபா?"

"மாற்றவே வேண்டாம் பிரபு. பிள்ளைக்கு ஒரு முத்தம் கொடுத்து ஆசீர்வதியுங்கள், போதும்."

இவ்வளவுதானா என்று ராஜாவும் குனிந்து நெற்றியில் முத்தமிட்டார். புருவத்தைத் தூக்கினார். "என்னடா இது, உப்புக் கரிக்கிறதே!"

"காய்ச்சலில் வேர்த்திருக்கிறான் பிரபு. அந்த உப்பு யாருடையது என்று தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். இவன் தாய்ப்பாலைத் தவிர வேறொன்றும் அறியான். இவன் தாய் அரண்மனைச் சோற்றைத் தவிர வேறொன்றும் அறியாள்."

"நாக்கில் வைத்து வாங்காத உப்பு செல்லாது!" என்று கத்தினார் அம்பலத்தரசர்.

"அப்படியானால் வாங்காமலே எடுத்திருக்கிறான். அரண்மனை உப்பைத் திருடியவன்! பிடித்துச் சிறையில் போடுங்கள் பிரபு. கையோடு வைத்தியரையும் அனுப்புங்கள். கைதிகள் தங்கள் பொறுப்பாயிற்றே."

ராஜா தொட்டிலளவு கைதியைப் பார்த்தார். அம்பலத்தரசரைப் பார்த்தார். சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது, சிம்மாசனமே குலுங்கியது. "போதுமடா! இனி தாய் தின்ற உப்பே பிள்ளைக்கும் சேர்த்தி. பிறந்த கணத்திலிருந்து!"

சடகோபன் மட்டும் சிரிக்கவில்லை. "முதலில் மருந்து, பிரபு."

அம்பலத்தரசரே ஓடிப்போய்க் கோரோசனையை எடுத்து வந்து, தம் கையாலேயே உரைத்தும் கொடுக்க வேண்டியதாயிற்று. மருந்து இறங்கிக் கொஞ்ச நேரத்தில் கர்ர் சத்தம் அடங்கியது. தாய் தோளில் பிள்ளை தூங்கிப்போனான். அதன் பிறகுதான் சடகோபனுக்கு உயிர் வந்தது.

ராஜா கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். சடகோபன் கையைக் கட்டிக்கொண்டான்.

"இவனுக்கே போடுங்கள் பிரபு. எங்கள் வீட்டில் அரண்மனைக்கு வந்து வேர்வை சிந்தியவன் இவன் ஒருவன்தான்."

ராஜா மறுபடி சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டான். குமுதவல்லி ராஜாவென்றும் பாராமல், "உஷ்!" என்றாள்.